கருவைத் தேர்ந்தெடுக்கும் முன்: ஒரு தம்பதி எப்படி முடிவெடுப்பது

கோவையில் மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். "பீட்டா தலசீமியா கேரியர்" என்ற வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். மீதிப் பேரில் பலர் ஐவிஎஃப் சிகிச்சையில் இருப்பவர்கள். "நாலு கரு நல்லா வந்திருக்குதுங்க மேடம், அதுல எது பெஸ்ட்டுன்னு பார்த்து வைக்கலாமுங்களா?" என்று கேட்பார்கள்.

இரண்டுக்கும் ஒரே லேப், ஏறக்குறைய ஒரே சம்மதப் படிவம். ஆனால் முதல் தம்பதி ஒரு நோயைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள், இரண்டாவது தம்பதி ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். இந்த வித்தியாசம் மங்கிப் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. எந்த வரிசையில் யோசித்தால் அது மங்காது என்பதை, என் அறையில் சொல்கிறபடியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் புரிந்துகொள்ளுங்கள்

கேரியர் என்றால் நோயாளி இல்லை, நோயை உண்டாக்கும் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர். தலசீமியா கேரியருக்கு, ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2-வின் அளவு பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும், சிவப்பணுக்கள் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பெரிய சிரமம் எதுவும் இல்லாமல் இருப்பார்கள். சிவப்பணு சிறியதாக இருப்பதைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் அப்படி விழுங்க வேண்டாம். இன்னொரு பக்கம், உண்மையிலேயே இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஏ2 அளவு கொஞ்சம் இறங்கிக் காட்டக்கூடும். அதனால் எல்லையை ஒட்டி வந்த ரிப்போர்ட்டை வைத்து அவசரப்படாமல் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால்தான் பிரச்சினை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய கடுமையான நோயான தலசீமியா மேஜர் வரலாம். நாலில் இரண்டு, பெற்றோரைப் போலவே கேரியர். மீதி ஒன்று, எதுவும் இல்லை. "மூத்தவனுக்கு வந்துருச்சு, இனி மூணு பேருக்கு வராதுங்களே?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. பூவா தலையா போடும்போது போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்குத் தெரியாது.

மாமியார்கள் கூட வந்தால் நான் ரிப்போர்ட்டை அவர்களுக்கும் காட்டுவேன். "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லைங்க" என்று மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்ன ஒரு அம்மாவிடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மகன் பெயரையும் அதற்கு நேரே இருந்த எண்ணையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் மருமகளைப் பற்றிப் பேச்சே இல்லை. குற்றம் யார் மேல் என்ற பேச்சு அடங்கிய பிறகுதான் நல்ல முடிவுக்கு இடம் கிடைக்கும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களைத் திட்டி அனுப்புவது ஆலோசனை ஆகாது. தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கு மேல் இன்னும் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. சொந்தமில்லாத தம்பதிக்குப் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், அத்தை மகன், மாமன் மகள் தம்பதிக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனுக்கு இன்னும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் அத்தை, மாமன் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொண்டால் இவர்கள் நாலில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோய் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பதிலை வைத்து என்ன செய்வோம் என்று முன்னாடியே பேசுங்கள்

ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று சொல்கிறவர்களை நான் கொஞ்சம் நிறுத்திவைப்பேன். கர்ப்பம் 11 முதல் 13 வாரம் இருக்கும்போது நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கலாம். 15 வாரத்துக்குப் பிறகு என்றால் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். இரண்டிலும் கர்ப்பம் கலையும் சிறிய அபாயம் உண்டு. பாதிப்பு இருக்கிறது என்று தெரிந்தாலும் குழந்தையைப் பெற்றுக்கொள்வோம் என்று இருவரும் உறுதியாக இருந்தால், அந்த ஊசி தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே சிலர் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். அதுவும் நியாயமான காரணம்தான்.

கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். கலைப்போமா, வைத்துக்கொள்வோமா, ஐவிஎஃப் செய்து பாதிப்பில்லாத கருவை மட்டும் வைப்போமா, தத்தெடுப்போமா, இருக்கிற ஒரு குழந்தை போதுமா. ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்து எழுதினால் ஒருவர் இன்னொருவரின் தாளைப் பார்த்துவிடுவார். பல தாள்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேற்றுமை ஊசிக்கு முன்பே வெளியே வருவது நல்லது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல், கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். நாட்கள் ஓடிவிடும் என்பதால்தான் முன்கூட்டியே பேசச் சொல்கிறேன்.

ஐவிஎஃப் வழியைத் தேர்ந்தெடுத்தால், ஐந்தாம் நாள் கருவிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் செல்கள் பின்னால் நஞ்சுக்கொடியாக மாறும் பகுதியிலிருந்து எடுப்பவை. குழந்தையாக வளரப்போகிற பகுதி சில சமயம் வேறு மாதிரி இருக்கலாம். தவறு நடக்கும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதனால்தான் கர்ப்பம் தரித்த பிறகும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளச் சொல்கிறோம். "டெஸ்ட் பண்ணித்தானே வச்சோம், மறுபடி எதுக்கு?" என்று கோபப்படாதீர்கள்.

அந்த நோயோடு வாழ்கிறவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக நான் யாரையும் விடுவதில்லை. இணையத்தில் படித்ததை வைத்து ஒரு வாழ்க்கை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது.

ரத்தம் ஏற்றும் டே கேர் வார்டில், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு காலைப் பொழுது உட்காருங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இங்கே வரும் பிள்ளைகள் அவர்கள். ஒரு சிறுமி இடது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, வலது கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா இரும்பை வெளியேற்றும் மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருப்பார். அது முழுசாகக் கரையாது, வெள்ளையாகக் கலங்கி நிற்கும். குடித்து முடித்ததும் டம்ளரின் ஓரத்தில் ஒட்டியதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்கவைப்பார். தினமும் இது நடக்க வேண்டும். விட்டுவிட்டால் ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும்.

அதே வார்டில் வேலைக்குப் போகிற இளைஞரையும் பார்ப்பீர்கள். கல்யாணம் ஆன பெண்ணையும் பார்க்கலாம். சொத்தை விற்று மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்த குடும்பத்தையும் பார்க்கலாம். களைத்துப்போன அம்மாவிடமும் பேசுங்கள், சிரித்துப் பேசுகிற அம்மாவிடமும் பேசுங்கள். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். இதைப் பார்த்த பிறகு சிலர் "இந்தக் கஷ்டம் இன்னொரு குழந்தைக்கு வேண்டாம்" என்று வருகிறார்கள். சிலர் "சமாளிக்கலாம் போல இருக்குதுங்க" என்று வருகிறார்கள். இரண்டு பேருடைய முடிவையும் நான் மதிக்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் சிக்கிள் செல் மூன்றும் இருக்கின்றன என்பதையும் இருவரிடமும் சொல்லி அனுப்புவேன்.

வலி யாருக்கு?

தேர்வு செய்யலாமா என்று தடுமாறும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நாம் தவிர்க்க நினைப்பது குழந்தைக்கு வலியா, நமக்கு வெட்கமா, ஊர் வாய்க்குப் பயமா?

தலசீமியா மேஜரில் வலி குழந்தைக்கு, சந்தேகமே இல்லை. நிறம், உயரம், ஆணா பெண்ணா என்பதில் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு வலியும் இல்லை. வலியை உண்டாக்குவது நாம்தான். அதைக் கருவில் திருத்தப் பார்ப்பது தப்பு என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

நடுவில் இருப்பவைதான் கஷ்டம். பிறவியிலேயே காது கேளாமை நம் பக்கம் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அடிக்கடி வரும். கனெக்ஸின் 26 என்ற மரபணுவில் வரும் மாற்றம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். சின்ன வயதிலேயே காக்ளியர் கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சி கொடுத்தால் நன்றாகப் பேசிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சைகை மொழியிலேயே முழு வாழ்க்கை வாழ்கிற, அதைக் குறையாகவே நினைக்காத பெரியவர்களும் இருக்கிறார்கள். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். காது கேளாத பெரியவர் ஒருவரோடு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

நாற்பது வயதுக்கு மேல் வரக்கூடிய நோய்களுக்கு இன்னொரு கேள்வி. அந்த மரபணு தனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை, வளர்ந்து நிற்கப்போகும் அந்த மனிதருடையது. சின்ன வயதில் செய்வதற்குச் சிகிச்சை எதுவும் இல்லாதபோது, குழந்தைக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லாதீர்கள்.

ஆணா பெண்ணா என்ற பேச்சு

இதில் பேச எதுவுமில்லை என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலைமை இருந்த மாநிலம் இது. தேர்ந்தெடுக்கும் வசதி கையில் கிடைத்தால் நாம் எதைத் தேர்ந்தெடுப்போம் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். 1994ஆம் ஆண்டின் சட்டமும் 2003 திருத்தமும், கருவுக்கு முன்னும் பின்னும் பாலினத் தேர்வைத் தடை செய்கின்றன. வார்த்தையாலோ ஜாடையாலோ வேறு எந்த விதத்திலோ பாலினத்தைத் தெரிவிப்பது குற்றம். ஹீமோஃபீலியா போல ஆண் குழந்தைகளை அதிகம் தாக்கும் நோய்களுக்குப் பரிசோதனை செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அங்கேயும் நான் அந்த மரபணுவையே நேராகப் பார்க்கச் சொல்வேன். பாதிப்பில்லாத ஆண் கருவை எதற்கு ஒதுக்க வேண்டும்?

பரிசோதனைக்கு முன் உங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில். இதையும் அதே சட்டம் சொல்கிறது. ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் தமிழில் கேளுங்கள்.

"பெஸ்ட் கரு" என்று யாராவது சொன்னால்

வெளிநாட்டில் சில நிறுவனங்கள், கருவின் மரபணுவில் ஆயிரக்கணக்கான இடங்களைப் பார்த்து உயரத்துக்கும் அறிவுக்கும் மதிப்பெண் போட்டுத் தருகின்றன. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிக் கேள்விப்பட்டு இங்கேயும் கேட்கிறார்கள். நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், கருவை ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை அல்லது மரபணு நோய்களுக்காக மட்டுமே பரிசோதிக்கலாம் என்கிறது. ஆக, இது சட்டத்துக்கு உட்பட்ட சேவையே இல்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், விஷயத்தைப் பார்ப்போம். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பத்துக் கருக்களில் அதிக மதிப்பெண் வாங்கியதை எடுத்தால் சராசரியைவிட எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிட்டது. உயரத்தில் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர், ஐக்யூவில் 2.5 புள்ளி. அதே ஆய்வில் நிறையப் பிள்ளைகள் உள்ள 28 குடும்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். உயரத்துக்கு அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளை உண்மையிலேயே வீட்டில் மிக உயரமானவராக இருந்தது 7 குடும்பங்களில் மட்டும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நல்ல கரு மூன்று நான்குதான் கிடைக்கிறது. மேலும், இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துச் செய்தவை. உயரத்துக்கான மிகப் பெரிய ஆய்வு 2022இல் 54 லட்சம் பேரை வைத்து நடந்தது. அதில் கூட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கிடைத்த துல்லியத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான் மற்றவர்களிடம் கிடைத்தது.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் நீலகிரியில் இருக்கிறது. இந்தியாவில் சிக்கிள் செல் மரபணு முதலில் கண்டறியப்பட்டது 1952இல், அங்குள்ள பழங்குடி மக்களிடம். இரண்டு பிரதி சேர்ந்தால் கடுமையான நோய். ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவில் சாகாமல் காப்பாற்றியது அதே மரபணுதான். எது நல்லது, எது கெட்டது என்பது வாழும் இடத்தைப் பொறுத்து மாறியது. இன்னும் மூன்று தலைமுறை கழித்து எந்தக் காற்றில், எந்த நோய்க்கு நடுவில் நம் பேரப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று தெரியாமல், இப்போதே அவர்களை "மேம்படுத்த" நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

மரபணுவைத் திருத்துவது

2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குய் என்பவர், எச்ஐவி கிருமி செல்லுக்குள் நுழைய உதவும் சிசிஆர்5 மரபணுவைக் கருவில் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். எச்ஐவி வராமல் தடுக்க என்றார். அப்பாவுக்குத்தான் எச்ஐவி, விந்தணுவைச் சுத்திகரிக்கும் பழைய முறையே குழந்தைகளைப் பாதுகாக்கப் போதுமானது. அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தத் திருத்தம் அந்தப் பெண்களோடு நிற்காமல் அவர்கள் பிள்ளைகளுக்கும் போகக்கூடியது.

இதை வேலூர் சிஎம்சியில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள். கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு அங்கே மரபணு சிகிச்சை கொடுத்தார்கள், முடிவு 2024இல் வெளியானது. அவர்களுடைய ரத்த மூலசெல்களில் செய்த மாற்றம், பிள்ளைகளுக்குப் போகாதது. அபாயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சரி என்று சொன்னவர்கள் அவர்களே. யாராவது உங்களிடம் மரபணு சிகிச்சை என்று சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். மாற்றம் யார் உடம்போடு நிற்கும்? சம்மதம் சொன்னது யார்?

அரசும் ஊரும் உள்ளே வரும்போது

1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. "மூன்று தலைமுறை மந்தபுத்தி போதும்" என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். மூன்றாவது தலைமுறை என்று அவர் சொன்ன குழந்தை விவியன், பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பிள்ளை. எட்டு வயதில் இறந்துபோனாள். 1933இல் ஜெர்மனி இதே வழியில் சட்டம் போட்டு ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தது. தலைமுறையை மேம்படுத்துகிறோம் என்று அடுத்தவர் முடிவெடுக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மக்களே சேர்ந்து கண்ணியமாகச் செய்த வழிகளும் உண்டு. நியூயார்க்கில் வைதிக யூதர்களிடையே, சின்ன வயதிலேயே நரம்புகளை அழிக்கும் பரம்பரை நோயான டே-சாக்ஸுக்கு நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு ரப்பி (யூத மதகுரு) 1980களில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ரத்தம் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஓர் எண் மட்டும் தருவார்கள். சம்பந்தம் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் பதில் வரும். யார் மேலும் "கேரியர்" என்ற முத்திரை விழாது. சைப்ரஸில் கல்யாணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனைச் சான்றிதழை தேவாலயம் கேட்கிறது. அதில் ரிசல்ட் இருக்காது, பரிசோதனையும் ஆலோசனையும் முடிந்தன என்று மட்டும் இருக்கும். கல்யாணம் செய்வதும் செய்யாததும் அவர்கள் விருப்பம்.

நம் நாட்டில் 2023 ஜூலையில் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2047க்குள் ஒழிப்பது இலக்கு, 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. நல்ல திட்டம். ஆனால் அட்டை கொடுக்கும் இடத்தில் இருக்கும் செவிலியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயரைக் கூப்பிட்டு, ரிசல்ட்டைச் சத்தமாகச் சொல்லி, கூட்டத்துக்கு நடுவில் கொடுக்காதீர்கள். கல்யாணத் தரகர் கேட்டால் காட்டாதீர்கள். வெற்றியை எத்தனை பிறப்பு குறைந்தது என்று மட்டும் எண்ணாமல், இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சிக்கிள் செல் வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை மாதம் தவறாமல் கிடைக்கிறது என்றும் எண்ணுங்கள். ஒழிய வேண்டியது நோய். நோயோடு இருக்கிறவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டு ஒதுங்கிப் போகக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே நோயுள்ள குழந்தை இருந்தால்

இது பலர் யோசிக்காதது. அடுத்த கருவைப் பரிசோதிக்கப் போகிறோம் என்று வீட்டில் பேசும்போது மூத்த பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும். "அம்மா, நான் வயித்துல இருக்கும்போது தெரிஞ்சிருந்தா என்னையும் வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?" என்று பத்து வயதுப் பையன் கேட்டதாக ஓர் அம்மா என்னிடம் சொல்லி அழுதார். எனக்கும் உடனே பதில் வரவில்லை.

அந்தக் கேள்வி வரும் வரை காத்திருக்காமல் நீங்களே உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஊசியும் மாத்திரையும்தான் வேண்டாம், நீ வேண்டாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, இதை வார்த்தையாகவே சொல்லுங்கள். பெரியவர்களுக்குள் பேசும்போதும் "இன்னொண்ணு இது மாதிரி வந்துரக் கூடாது" என்று சொல்வதை நிறுத்துங்கள்.

மூத்த பிள்ளைக்கு மஜ்ஜை பொருந்தும்படி தம்பி தங்கையைத் தேர்ந்தெடுத்துப் பெறும் முறையும் இருக்கிறது. செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த இரண்டாவது குழந்தையை, மஜ்ஜை பொருந்தாமல் போனாலும், சிகிச்சை பலிக்காமல் போனாலும், அதே ஆசையோடு வளர்ப்போமா என்று இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும். அதற்குத் தயக்கம் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

முதல் முறை ஆலோசனைக்கு வரும்போது இருவருமே வாருங்கள். இருவருடைய ரத்த ரிப்போர்ட், இதுவரை கலைந்த கர்ப்பங்கள், சின்ன வயதில் தவறிய குழந்தைகள், தாத்தா பாட்டி வரை குடும்ப விவரம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். யாருக்கு யார் என்ன முறை என்பதைப் பாட்டியிடம் கேட்டு எழுதினால் தப்பு வராது. கேரியர் என்று உறுதியானால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சித்தப்பா பிள்ளைகளுக்கும் தனியாகச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள், முடிந்தால் அவர்களுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே. ரிப்போர்ட்டின் ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எங்களுக்கு நகல் போதும்.